நாற்பது நம்பர் பெட்டியில் நாற்பத்தாறு

அந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை. சாம்பல் புதன் ஆராதனை முடிந்து, பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் கோயிலில் உட்கார்ந்திருந்தோம். அன்று தொடங்கி ஈஸ்டர்வரை போகும் லெந்து நோன்பு நாட்கள் நாற்பதிலும் யார் எதை விடப்போகிறார்கள் என்று சங்கத் தலைவி வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருத்தர் கறி மீன் என்றார். அடுத்தவர் டீ என்றார். மூன்றாமவர் சீரியல் என்றதும் பக்கத்திலிருந்தவர் “எல்லா சீரியலுமா?” என்று வாயைப் பிளக்க, “ஒம்போது மணி சீரியல் மட்டும் பாப்பேன்” என்று அவர் உடனே இறங்கி வந்துவிட்டார். எனக்கு முந்தின ஆள் கறி, டீ இரண்டையும் விடுவதாகச் சொன்னார். அவருக்கும் எனக்கும் பாட்டுக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்தே ஒரு போட்டி உண்டு. அவரைவிடப் பெரிதாக எதையாவது சொல்ல வேண்டும் என்ற வேகத்தில் எழுந்து நின்று, “மொபைல் கேம்” என்றேன்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. என் மொபைல் கேம் சபைக்கே தெரிந்த விஷயம். பிரசங்க நேரத்தில் பாட்டுப் புத்தகத்துக்குள் போனை வைத்து விளையாடி ஒருமுறை மாட்டிக்கொண்டவள் நான்.

“நாப்பது நாளும் தொறக்கவே மாட்டீங்களா?” என்றார் தலைவி.

“தொறக்கவே மாட்டேன்.”

கை தட்டினார்கள். கறியையும் டீயையும் சேர்த்து விட்டவருக்கு யாரும் தட்டவில்லை. அந்த சந்தோஷம் விரிஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கும்வரை இருந்தது. செருப்பைக் கழற்றும்போதுதான் மகள் ஞாபகம் வந்தது.

என் மகள் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த விளையாட்டை என் போனில் ஏற்றிக் கொடுத்ததே அவள்தான். திரை முழுக்கப் பழங்கள் இருக்கும். ஒரே பழம் மூன்றை வரிசையில் சேர்த்தால் அவை மறையும், அவ்வளவுதான் விளையாட்டு. சின்னக் குழந்தைகூட ஆடும். ஆனால் நான் ஆயிரத்து நூற்று நாற்பதாவது கட்டத்தில் இருந்தேன், அதை நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. தோற்றால் ஒரு உயிர் போகும். உயிர் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் விளையாட்டின் தோழமைப் பட்டியலில் இருப்பவர்கள் யாராவது ஒரு உயிர் அனுப்ப வேண்டும். என் தோழமையில் இருந்தது ஒரே ஆள்: மகள், வீட்டில் பாப்பா. என் போன் தமிழில் பேசும் போன். அதனால் தினமும் காலை ஆறேகாலுக்கு, கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில், திரையில் ஒரு வரி வரும்: “பாப்பா உங்களுக்கு ஓர் உயிர் அனுப்பியுள்ளார்.” நானும் பஸ் ஏறியதும் அவளுக்கு ஒன்று அனுப்புவேன்.

அப்போது எங்களுக்குள் ஐந்து மாதமாகப் பேச்சு இல்லை. அவள் அப்பாவோடு பேசுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். என்னிடம் போனைக் கொடு என்று அவளும் சொல்ல மாட்டாள், கொடுங்கள் என்று நானும் கேட்க மாட்டேன்.

தப்பு என்னுடையது. ஆனால் அதை அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை. காட்பாடியில் ஒரு கல்யாண வீட்டில், நல்ல இடம் ஒன்று இருக்கிறது என்று ஒரு உறவுக்கார அம்மா சொன்னார். மகளின் போட்டோவை அங்கேயே என் போனிலிருந்து அவருக்கு அனுப்பிவிட்டேன். அது அங்கிருந்து மூன்று வீட்டுக்குப் போய், நாலாவதாக அவளோடு மஸ்கட்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் அண்ணனுக்கே போய்ச் சேர்ந்தது. டியூட்டியில் இருந்தபோது அந்தப் பெண், எல்லார் எதிரிலும், “எங்க அண்ணனுக்கு ஒன் போட்டோ வந்திருக்கு” என்று காட்டியிருக்கிறாள். அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். கத்தக்கூட இல்லை. “என்ன கேக்காம ஏம்மா குடுத்த?” என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். “பெத்தவ குடுக்கறதுக்கு யார கேக்கணும்?” என்றேன். அதோடு போனை வைத்தவள்தான்.

ஆனால் மறுநாள் காலை ஆறேகாலுக்கு உயிர் வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. கோபம் தனியாக, உயிர் தனியாக இருந்தது. நானும் அனுப்பினேன். அந்த ஐந்து மாதத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே போக்குவரத்து அதுதான். அதைத்தான் கைதட்டலுக்கு ஆசைப்பட்டு நாற்பது நாளைக்கு நானே அறுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோர்ஸில் இருப்பவர். எதையும் பட்டியல் பார்த்துச் சொல்கிற நிதானம்.

“இதுக்கு இன்னா இப்ப? நான் பேசும்போது சொல்லிட்றேன். அம்மா லெந்துக்கு கேம வுட்டுட்டான்னு” என்றார்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்.”

“ஏன்?”

“அவளுக்கு வேணும்னா அவளே என்ன கேக்கட்டும்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவர் ரொம்ப மோசமான ஆள். அப்படியே காப்பாற்றுவார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், பேக்கிங் ஹாலில் நான் கடைசிச் சோதனை பார்ப்பவள். இடதுகால், வலதுகால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, நம்பர் ஒன்றா, தோலின் நிறம் ஒன்றா என்று பார்த்து, பெட்டியில் வைத்து, பெட்டி மேல் ஒட்டிய நம்பரும் உள்ளே இருக்கும் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஐம்பது நிமிஷம். அந்த ஐம்பது நிமிஷத்தில் விளையாடித்தான் ஆயிரத்துச் சொச்சம் கட்டம் ஏறியது. இப்போது கட்டைவிரலுக்கு வேலை இல்லை. தலைவியும் அதே பஸ்தான், எனக்கு இரண்டு சீட் முன்னால். பள்ளிகொண்டா தாண்டும்போது ஒருமுறை, ஆம்பூர் எல்லையில் ஒருமுறை, தற்செயலாகத் திரும்புவது போலத் திரும்பி என் கையைப் பார்ப்பார்.

என் பக்கத்து சீட்டில் வருபவள் எங்கள் பேக்கிங் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்ப்பவள். ஆம்பூர்ப் பெண்தான், மாமியார் வீடு வேலூர். என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவள், என்னை அக்கா என்பாள், ஆனால் பேச்சில் மரியாதை கம்மி. அந்த வருஷம் அவளுக்கு ரம்ஜான் நோன்பும் எனக்கு லெந்தும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தன. அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பழம் சேர்க்க முடியாத நான்தான் பசியெடுத்தவள் போல முகத்தைத் தொங்கப் போட்டிருந்தேன்.

“அக்கா, ரொம்ப பேஜாரா இருக்கியே. இத்த பாரு” என்று தன் போனைக் காட்டினாள். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு ஆப். ஆபீஸில் பேக்கிங் பட்டியல் வேலையைச் சுலபமாக்க அவள் தானாகக் கற்றுக்கொண்டிருந்தாள், ஒன்பதாவது பாடத்தில் இருந்தாள். புதுசாக வருகிறவர்களுக்கு இதைவிட எளிதான மொழி இல்லை என்றாள். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். கம்ப்யூட்டர் என்றால் ஆபீஸில் ஏசி போட்டு வைத்திருக்கும் பொருள் என்பதுதான் என் ஞானம். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அன்றே ஏற்றிக்கொண்டேன்.

“மலைப்பாம்பா படிக்கற?” என்றார் வீட்டுக்காரர். எட்டிப் பார்த்துவிட்டு, “இதுலயும் நட்சத்திரம் குடுக்கறான், இதயம் குடுக்கறான். சிகரெட்ட வுட்டுட்டு பீடி புடிச்ச கதையா இருக்குதே” என்றார்.

“இது பாடம்” என்றேன், கௌரவமாக. உள்ளுக்குள் எனக்கும் சந்தேகம்தான்.

முதல் நாள் அது என்னை “வணக்கம்” என்று எழுத வைத்தது. நான் எழுதியதும் அது வணக்கம் என்றது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இருபத்திரண்டு வருஷமாக எந்திரங்களுக்கு நடுவில் இருக்கிறேன், எந்த எந்திரமும் நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னதில்லை. மூன்றாவது நாள் ‘இஃப்’ வந்தது. இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய். அட, நாள் முழுக்க நான் செய்கிற வேலை இதுதானே என்று தோன்றியது. இடதும் வலதும் ஒரே நம்பர் என்றால் பாஸ், இல்லையென்றால் ரிஜெக்ட். உடனே அதையே எழுதினேன். ஓட்டினால் சிவப்புக் கோடு. மூன்று முறை திருத்தினேன், மூன்று முறையும் சிவப்பு.

பக்கத்து சீட்காரி எட்டிப் பார்த்தாள். “ஒரு சமக்குறி போட்டுக்கிற. ஒண்ணு போட்டா குடுக்கறதுன்னு அர்த்தம். இடதுக்கு வலதோட நம்பர தூக்கிக் குடுன்னு சொல்ற. ரெண்டு போட்டாதான் கேக்கறது. ரெண்டும் ஒண்ணான்னு கேள்வி. நீ கேக்க வேண்டிய எடத்துல குடுத்துட்டக்கா.”

நான் போனை மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பாலாறு மணலாகக் கிடந்தது. அவள் என்னவோ ஏதோ என்று பயந்து, “இன்னாக்கா, எல்லாரும் பண்ற தப்புதான்” என்றாள். எல்லாரும் பண்ணுகிற தப்புதான். ஆனால் எனக்கு மகளின் குரல் அப்படியே காதில் கேட்டது.

இது நடந்தது முதல் வாரக் கடைசியில். அதற்குள் வேறொன்று நடந்தது. நோன்பு ஆரம்பித்த பிறகும் வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று ஐந்து நாளும் ஆறேகாலுக்கு அந்த வரி வந்தது. பாப்பா உங்களுக்கு ஓர் உயிர் அனுப்பியுள்ளார். நான் திறக்காமல் பார்த்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வரவில்லை. புதனும் வரவில்லை. இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனையே பார்த்தேன். ஆறு இருபது, ஆறரை. பஸ் வந்து ஹார்ன் அடித்தது.

ஐந்து நாள் அம்மா பதில் அனுப்பவில்லை, அதனால் அவளும் நிறுத்திவிட்டாள் என்று எனக்குப் புரிந்துபோனது. திறந்து பார்க்கலாம். ஒரு தட்டு தட்டினால் போதும். தலைவி இரண்டு சீட் முன்னால் இருக்கிறார், கர்த்தர் அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அது நோன்பு இல்லை, பயம். திறந்து பார்த்து உள்ளே ஒன்றுமே இல்லையென்றால் அப்புறம் நான் என்ன செய்வேன்? மூடியிருக்கிறவரை ஏதாவது இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளவாவது முடியும்.

வீட்டுக்காரர் அவளோடு பேசினார். “நல்லாத்தான் இருக்கா” என்று அவர் சொல்வது கேட்டது. யாரைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

ஆக, எனக்கு ஒரே ஒரு கணக்குதான் வேண்டியிருந்தது: ஈஸ்டருக்கு இன்னும் எத்தனை நாள். அதற்கு நானே ஒரு புரோகிராம் எழுத முடிவு செய்தேன். பாடத்தில் வராமல் நானே நினைத்து எழுதிய முதல் புரோகிராம் அதுதான். பைத்தானில் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழிக்கிற வசதி இருக்கிறது. முதலில் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, ஈஸ்டரிலிருந்து சாம்பல் புதனைக் கழித்தேன். நாற்பது வர வேண்டும். லெந்து நாற்பது நாள் என்பது ஞாயிறு பள்ளியிலேயே படித்தது.

நாற்பத்தாறு என்றது.

தேதியைத் தப்பாகப் போட்டிருப்பேன் என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வேறு வழியில் எழுதினேன், ஒவ்வொரு நாளாக ஒன்று ஒன்று என்று கூட்டிக்கொண்டு போகும்படி. அதுவும் நாற்பத்தாறு. ஆப்பை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். நாற்பத்தாறு. கடைசியில் சபை காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி, விரல் வைத்து எண்ணினேன். அதிலும் நாற்பத்தாறு வந்ததும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. காலண்டரில் ஈஸ்டரையே தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, செயலாளருக்குப் போன் போட எழுந்தேன்.

“ஒலகம் பூரா அன்னைக்குத்தான்மா ஈஸ்டரு” என்றார் வீட்டுக்காரர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

மூன்று நாள் இந்த ஆறோடு மல்லுக்கட்டினேன். நான்காம் நாள், பொறுமை போய், கடைசி வரியில் ‘மைனஸ் ஆறு’ என்று சேர்த்துவிட்டேன். அழகாக நாற்பது வந்தது. பஸ்ஸில் பெருமையாகக் காட்டினேன்.

பக்கத்து சீட்காரி பார்த்தாள். “இந்த ஆறு எங்கேர்ந்து வந்துச்சு?”

“தெரியல. ஜாஸ்தியா இருந்துச்சு, கழிச்சிட்டேன்.”

“அக்கா, நீ ஹால்ல இப்டி பண்ணுவியா? உள்ள நாப்பத்தாறு நம்பர் ஷூ இருக்கு, பொட்டி மேல நாப்பது நம்பர் ஸ்டிக்கர ஒட்டி அனுப்புவியா?”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஷூக்களில் நாற்பதும் உண்டு, நாற்பத்தாறும் உண்டு. நாற்பது நம்பர்க்காரர் நாற்பத்தாறைப் போட்டால் ஷூ நடக்கும், அவர் நடக்க மாட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு பெட்டி என் கையைத் தாண்டிப் போனதில்லை. அந்த வரியை அழித்தேன்.

“எங்களுக்கு ஈஸி. நெலா தெரிஞ்சா பெருநாளு, தெரியலன்னா இன்னும் ஒரு நோம்பு. ஒங்க ஆளுங்க இவ்ளோ கணக்கா வெச்சிட்டு ஒனக்கே தெரிலன்னா எப்படி?” என்றாள். பிறகு, நோன்பு வாயோடு அவளே யோசித்து, “ஒவ்வொரு நாளையும் கெழமையோட போட்டுக் காட்டச் சொல்லு. எங்க ஜாஸ்தியாவுதுன்னு பாக்கலாம்” என்றாள்.

அது அதற்கு அடுத்த வார வெள்ளிக்கிழமை. மாதனூர் வருவதற்குள் எழுதிவிட்டேன். திரையில் நாற்பத்தாறு வரி வரிசையாக இறங்கியது. புதன், வியாழன், வெள்ளி என்று இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். தலைவிகூடத் திரும்பி, என்ன விளையாட்டு என்று சந்தேகமாகப் பார்த்தார். நான் போனை உயர்த்திக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியாததில் எனக்கு அற்ப சந்தோஷம்.

“எல்லா கெழமையும் ஏழு ஏழு வருது, இல்ல ஆறு வருது. ஞாயிறு எத்தன?” என்றாள். எண்ணினோம். ஆறு.

“உங்க ஞாயிறு இதுல சேத்தியா?”

“சேத்திதான். எங்கப்பா வூட்ல லெந்துல ஞாயித்துக்கெழம கூட கறி கெடையாது.”

“எதுக்கும் கேளு.”

மறுநாள் சனிக்கிழமை எங்கள் போதகருக்குப் போன் செய்தேன். என்னவோ வேத சந்தேகம் என்று நினைத்து அவர் கனிவாகப் பேசினார். “ஐயா, லெந்து நாப்பது நாளா, நாப்பத்தாறு நாளா?” என்றேன். அவர் கொஞ்ச நேரம் சிரித்தார்.

“ஞாயித்துக்கிழமைய கணக்குல சேக்கறதில்லம்மா. ஒவ்வொரு ஞாயிறும் கர்த்தர் உயிர்த்தெழுந்த நாள் இல்லையா? அன்னைக்கு நோன்பு கிடையாது. ஆறு ஞாயிறு போனா நாப்பது.”

“அப்ப ஞாயித்துக்கெழம விட்டத எடுத்துக்கலாமா?”

“தாராளமா.”

நாற்பத்தெட்டு வருஷம் சபையில் பிறந்து, வளர்ந்து, பாட்டுப் பாடி, எனக்கு இது தெரியாது. எங்கள் அப்பாவுக்கும் தெரியாது. எத்தனை ஞாயிறு வெறும் ரசத்தோடு உட்கார்ந்திருப்போம் என்று நினைத்தால் சிரிப்பாகவும் வந்தது, ஆட்டுக்கறியை நினைத்து ஆற்றாமையாகவும் வந்தது. புரோகிராமைச் சரியாக எழுதினேன். அந்த நாள் ஞாயிறா என்று கேள், இரண்டு சமக்குறி. ஞாயிறு என்றால் விட்டுவிடு, இல்லையென்றால் ஒன்று கூட்டு. முக்காற்புள்ளி விடாமல், வரியின் ஆரம்பத்தில் இடம் சரியாக விட்டு, ஓட்டினேன். நாற்பது வந்தது. யாரும் ஒட்டாத, தானாக வந்த நாற்பது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் உண்மையாகவே அசந்துபோனார். அதை மறைக்க, “அப்ப நாளைக்கு கறி எடுத்தாரேன்” என்றார்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். மணி மூன்றரை. இனி திறக்காமலிருக்கச் சாக்கு இல்லை. விளையாட்டின் மேல் விரலை வைத்தேன்.

பழங்கள் குதித்து வந்து வரவேற்றன. மூலையில் ஒரு தபால் பெட்டி உண்டு. வந்த உயிர்கள் அதில்தான் இருக்கும். தொட்டேன். ஐந்து உயிர்கள், அடியில் சிவப்பில் ஒரு வரி: “உங்கள் பெட்டி நிறைந்துவிட்டது. புதிய உயிர்களைப் பெற முடியாது.” ஐந்துக்கு மேல் அந்தப் பெட்டி கொள்ளாதாம். வந்த அன்றே எடுத்துவிடுகிறவள் நான்; எனக்கு எப்படித் தெரியும்? அவள் நிறுத்தவில்லை. என் பெட்டிதான் நிறைந்திருந்தது.

அந்தச் சிவப்பு வரிக்குக் கீழே இன்னும் இருந்தது. உயிர் வந்தால் மட்டும்தான் வெளியே திரையில் செய்தி வரும். யாராவது உயிர் கேட்டால் உள்ளே வந்து பார்த்தால்தான் தெரியும். “பாப்பா உங்களிடம் ஓர் உயிர் கேட்கிறார்.” அதற்குக் கீழே அதே வரி. அதற்குக் கீழேயும். உயிர் வராமல் நின்ற அந்தச் செவ்வாயிலிருந்து அன்று காலை வரை நாளுக்கு ஒன்றாகப் பதிமூன்று.

என் பெண் யாரிடமும் எதையும் கேட்கிற பெண் இல்லை. பள்ளிக்கூடத்தில் பென்சில் மறந்துவிட்டால் அன்று எழுதாமலே வருவாள், பக்கத்தில் கேட்க மாட்டாள். அந்தப் பிடிவாதம் என் வழியில் வந்தது. நான் அழுதேன். வீட்டுக்காரர் என்னவென்று கேட்டு, திரையைப் பார்த்து, போய் எனக்கு டீ போட்டார்.

ஒரு உயிர் அனுப்பினேன். ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்றது விளையாட்டு. நான் டீயில் வாய் வைப்பதற்குள் போன் அடித்தது. அவருடைய போன் இல்லை, என்னுடையது.

“அம்மா.”

ஐந்து மாதத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை.

“ஒடம்பு இன்னா ஆச்சு?” என்றாள்.

“ஒண்ணும் ஆவல. லெந்துக்கு கேம வுட்டுட்டேன். இன்னைக்கு ஞாயித்துக்கெழம, கணக்குல வராதாம்.”

“நீயா? கேமயா?” என்று சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்தது. “நான் அப்பாவ கேட்டேன். நல்லாத்தான் இருக்கான்னு சொல்லி வெச்சிட்டாரு. நம்பவே முடியல.”

“நான்தான் சொல்லக் கூடாதுன்னேன்.”

“ஏன்?”

“கொழுப்பு.”

அவள் மறுபடி சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருக்கவில்லை. காத்திருந்தால் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று தெரியும்.

“பாப்பா, ஒன் போட்டோவ ஒன்ன கேக்காம குடுத்தது தப்பு. ரெண்டு சமக்குறி போட வேண்டிய எடத்துல ஒண்ணு போட்டுட்டேன்.”

“இன்னாமா சொல்ற?”

சொன்னேன். பைத்தானைச் சொன்னேன், ஷூ நம்பரைச் சொன்னேன், ஆறு ஞாயிறைச் சொன்னேன். அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அவள் முதலில் நினைத்திருப்பாள். பிறகு அவளே கேள்வி கேட்க ஆரம்பித்தாள். வார்டில் மருந்து நேரத்தைக் கணக்கு வைக்க இதில் எழுத முடியுமா என்றாள். யோசிச்சுச் சொல்றேன் என்று பெரிய மனுஷி போலச் சொன்னேன். போட்டோவைப் பற்றி, “சரிம்மா” என்று மட்டும் சொன்னாள். அது போதும் எனக்கு.

பேச்சு முடியப்போகும் நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. அந்த விளையாட்டில் ஒரு வரைபடம் உண்டு. யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள் என்று முகம் போட்டுக் காட்டும். மகளின் முகம் மாதக்கணக்காக ஒரே இடத்தில் நின்றது. வேலை ஜாஸ்தி, ஜெயிக்க முடியாமல் மாட்டிக்கொண்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“இருநூத்தி பன்னெண்டுலயே நிக்கறியே, ரொம்ப கஷ்டமா இருக்குதா? இன்னைக்கு நோம்பு இல்ல. வழி சொல்லித் தரட்டா?”

“எனக்கு அந்த கேமே புடிக்காதுமா” என்றாள். “நம்ம சண்ட போட்ட அன்னியிலேர்ந்து வெளையாடல. ஆறேகாலுக்கு நீ கெளம்பறப்ப போன பாப்பன்னு தெரியும். அதுக்குதான் தெனமும் தொறக்கறேன்.”